கீழ்ப்பாக்கம் ஏச்சான கதை

சென்னையை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களுக்கும் அந்த நகரத்தில் சில இடங்களின் பெயர் தெரியும். மெரினா தெரியும், எல்.ஐ.சி. கட்டடம் தெரியும், கீழ்ப்பாக்கம் தெரியும். தென்காசியிலோ தேனியிலோ ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நின்றால் போதும், "கீழ்ப்பாக்கத்துலேருந்து தப்பிச்சு வந்துட்டியாடா?" என்ற குரல் ஒருநாள் காதில் விழும். கேட்கிற பையனுக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும். அந்த இடம் எந்தத் திசையில் இருக்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள், என்ன வைத்தியம் நடக்கிறது, எதுவும் அவனுக்குத் தெரியாது. அந்தப் பெயரைச் சொன்னால் எதிரில் நிற்பவன் கூனிக்குறுகுவான், சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்பது மட்டும் தெரியும்.

மனநோய் என்றாலே மனிதருக்கு இயல்பாக ஒரு பயம் உண்டு, அந்தப் பயத்திலிருந்துதான் இப்படிப்பட்ட பேச்செல்லாம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஊரின் பெயர் வசையாக மாறுவதற்குப் பயம் மட்டும் போதாது. அதற்கு ஒரு மதில் வேண்டும், ஒரு சட்டம் வேண்டும், உள்ளே போனவர்கள் திரும்பி வராமல் இருக்க வேண்டும். கீழ்ப்பாக்கத்துக்கு இவை எல்லாம் வாய்த்தன.

கதை தொடங்குவது பக்கத்துப் புரசைவாக்கத்தில், 1794-இல். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலன்டைன் கனோலி அங்கே பதினாறு பேர் தங்கும்படி ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார். வீடு அவருடையது, வாடகை கம்பெனியுடையது. தென்னிந்தியாவில் மனநோயாளிகளுக்கென்று ஆங்கிலேயர் தொடங்கிய முதல் விடுதி இப்படி ஒரு தனியார் வியாபாரமாகத்தான் ஆரம்பித்தது. கனோலிக்குப் பிறகு அது மருத்துவர் கைகளில் மாறி மாறிப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டால்டன் என்பவரிடம் வந்தபோது அவர் பெயரிலேயே 'டால்டனின் பைத்திய ஆஸ்பத்திரி' என்று அழைக்கப்பட்டது. அந்த நாளில் ஏச்சு ஏதாவது ஒட்டியிருந்தால் அது டால்டன் பெயரில் ஒட்டியிருக்க வேண்டும். ஊர்ப் பெயருக்கு அப்போது எந்தக் களங்கமும் இல்லை.

கீழ்ப்பாக்கம் தோட்ட வீடுகளின் பகுதி. வெள்ளைக்கார அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும் மரநிழலில் பெரிய பங்களாக்கள் கட்டி வாழ்ந்த இடம். அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தை, லோகாக் தோட்டம் என்று அதற்குப் பெயர், மனநோயாளிகளின் விடுதிக்காக அரசு தேர்ந்தெடுத்தது. அறுபது ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். 1871 மே மாதம் 145 பேரோடு புதிய விடுதி திறக்கப்பட்டது. நகரத்தின் சந்தடியிலிருந்து விலகி, காற்றோட்டமான தோட்டத்தில் நோயாளிகளை வைத்தால் மனம் தேறும் என்பது அந்தக் காலத்து மருத்துவர்களின் நம்பிக்கை. தோட்டத்தைச் சுற்றி மதில் எழும்பியது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத ஊர்க்காரர்களுக்கு மதிலும் வாசலும்தான் விடுதி.

அந்த வாசலுக்கு ஆட்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதில்தான் ஏச்சின் விதை இருக்கிறது. 1858-இல் ஒரு சட்டம், 1912-இல் இன்னொரு சட்டம். இரண்டும் மனநோயை வைத்தியத்துக்குரிய விஷயமாகப் பார்த்ததைவிட, காவலுக்குரிய விஷயமாகவே அதிகம் பார்த்தன. தெருவில் திரிகிறவர் ஆபத்தானவர் என்று போலீஸ் நினைத்தால் பிடித்துக்கொண்டு போய் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம். மாஜிஸ்திரேட் உத்தரவு எழுதினால் விடுதிக்குள் அனுப்பலாம். தானாக விரும்பிச் சேரவும் 1912 சட்டத்தில் வழி இருந்தது, ஆனால் தெருவில் நின்று பார்த்தவர்கள் கண்ணில் பட்டது போலீஸ்காரரும் வண்டியும்தான். திருடனைக் கொண்டுபோவதும் நோயாளியைக் கொண்டுபோவதும் ஒன்றுபோலத் தெரிந்தன. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று இன்று சொல்கிறோமே, அந்தக் கேஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததா கோர்ட்டிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நோயாளிகளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

1922-இல் அரசு ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தது. பைத்தியக்கார விடுதி என்று பொருள்படும் பழைய ஆங்கிலப் பெயரை எடுத்துவிட்டு, 'கவர்ன்மென்ட் மெண்டல் ஹாஸ்பிடல்' என்று பெயர்ப்பலகை மாற்றியது. விடுதி போய் ஆஸ்பத்திரி வந்தது. அடைத்து வைக்கப்பட்டவர் என்ற நிலை மாறி நோயாளி என்ற நிலை வரவேண்டும் என்பது நோக்கம். மெண்டல் என்ற சொல் அன்று புத்தம் புதியது, தமிழில் யாரும் அதை வைத்து யாரையும் திட்டியதில்லை. பிறகு நடந்தது நமக்குத் தெரியும். மெண்டல் ஆஸ்பத்திரி என்பதிலிருந்து ஆஸ்பத்திரி உதிர்ந்தது, மெண்டல் மட்டும் தெருவுக்கு வந்தது. ஆங்கிலம் ஓர் எழுத்தும் படிக்காத கிழவியும் பேரனை 'மெண்டல்' என்று அதட்டுகிற அளவுக்கு வீட்டுச் சொல்லாகிவிட்டது. களங்கத்தைத் துடைக்க எடுத்துவந்த துணியே அழுக்காகிப் போனது. பலகையை மாற்றியவர்கள் மேல் குற்றமில்லை. பலகைக்குப் பின்னால் இருந்த நிலைமை மாறவில்லை, அதனால் எந்தப் பெயரை மாட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

என்ன நிலைமை அது? அன்றைக்கு மருந்து இல்லை. 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான், காதில் கேட்கும் குரல்களை அடக்க முடியும், வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியும் என்று உலகத்துக்கே தெரிந்தது. அதற்கு முன்னால் கடுமையான மனநோய் வந்தவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் சோறும் கூரையும் பூட்டும். சிலர் தானாகத் தேறினார்கள். பலர் உள்ளேயே முதுமையடைந்து உள்ளேயே இறந்தார்கள். அழைத்துவந்து விட்ட குடும்பம் விலாசத்தை மாற்றிக்கொண்டது. ஆகவே, 'கீழ்ப்பாக்கம் போனா அவ்வளவுதான்' என்று ஊர் சொன்னது அந்தக் காலத்தில் பொய்யில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த வசை பிறந்தபோது அதற்கு ஓர் ஆதாரம் இருந்தது. ஆதாரம் போன பிறகும் வசை போகவில்லை என்பதுதான் துக்கம்.

ஆதாரம் போனதற்கும் தேதிகள் உண்டு. 1950-களில் புதிய மருந்துகள் இங்கே வந்தன. 1961-இல் டாக்டர் சாரதா மேனன் அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பை ஏற்றார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். அவர் வந்தபோது உள்ளே 2,000-க்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். 1978 வரை பதினேழு ஆண்டுகள் அவர் செய்ததைச் சுருக்கிச் சொன்னால், வாசலை இருபக்கமும் திறந்தார். வெளிநோயாளிகள் பிரிவை வளர்த்தார். காலையில் வந்து சிகிச்சை பெற்று மாலையில் வீட்டுக்குப் போகும் ஏற்பாடு வந்தது. தேறியவர்கள் கைத்தொழில் பழகி நாலு காசு பார்க்கும் பயிற்சிக்கூடம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு 1984-இல் மனச்சிதைவு நோய்க்கென்றே ஸ்கார்ப் அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். 2021 டிசம்பரில், 98-ஆம் வயதில் காலமானார். அவர் இருந்த காலத்திலேயே ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தேறி, வேலைக்குத் திரும்பி, பேரன் பேத்தி எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் யாரும் வெளியே வந்து, 'நான் கீழ்ப்பாக்கத்தில் இருந்து வந்தேன்' என்று சொல்லிக்கொள்ளவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அதைச் சொன்னால் சிரிப்பு வரும் என்று ஊருக்கு அதற்குள் பாடம் நடத்தியாகிவிட்டது.

பாடம் நடத்தியதில் பெரிய பங்கு சினிமாவுக்கு. கோடம்பாக்கத்துக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் நடுவே சில மைல்தான். சென்னைத் தெருவின் பேச்சைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவை படங்களின் நகைச்சுவைக் காட்சிகள். கலைந்த தலை, கிழிந்த சட்டை, கழுத்தில் டப்பா மாலை, காரணமில்லாத சிரிப்பு, நடுத்தெருவில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்துதல் என்று மனநோயாளிக்கு ஒரு வேஷம் நிரந்தரமாகத் தைக்கப்பட்டது. டாக்டர் யார், நோயாளி யார் என்று தெரியாமல் நாயகன் குழம்பும் ஆஸ்பத்திரிக் காட்சி எத்தனை படங்களில்! மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிற நோயாளியோ வேறு. சாப்பாட்டுத் தட்டு முன்னால் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பவர், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வராதவர், பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று இரவெல்லாம் தூங்காதவர். சிரிக்கவைக்கிற வேஷத்தையே பார்த்துப் பழகிய குடும்பத்துக்கு, தன் வீட்டில் நோய் வந்து உட்கார்ந்திருக்கும்போது அடையாளம் தெரிவதில்லை. 'நம்ம பையன் அப்படியெல்லாம் இல்லையே, அமைதியாத்தானே இருக்கான்' என்று விட்டுவிடுகிறார்கள்.

தமிழர்கள் மட்டும் இப்படி என்றும் சொல்வதற்கில்லை. மலையாளத்தில் ஊளம்பாறையும் குதிரவட்டமும், தெலுங்கில் எர்ரகட்டாவும், இந்தி பேசுகிறவர்களுக்கு ஆக்ராவும் ராஞ்சியும் இதே வேலையைச் செய்கின்றன. கொழும்புப் பக்கம் அங்கொடை. மலேசியத் தமிழர்கள் உட்பட அந்நாட்டில் எல்லா இனத்தாரும் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொல்லிக் கேலி செய்வார்கள், 1911-இல் அங்கே தொடங்கிய ஆஸ்பத்திரியால். லண்டனில் 1247-இல் தொடங்கி, பின்னாளில் மனநோயாளிகளின் விடுதியான பெத்லகேம் மடத்தின் பெயர் 'பெட்லம்' என்று மருவி, ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்துக்கே பெயராகிவிட்டது. எங்கெல்லாம் மதில் கட்டினார்களோ அங்கெல்லாம் ஊர்ப் பெயர் கெட்டது. ஒரு மாநிலத்துக்கு ஒரே ஓர் ஆஸ்பத்திரி, எல்லா நோயாளியும் அங்கேதான் என்று வைத்தால், அந்த இடத்தின் பெயரே நோயின் பெயராகிவிடுகிறது.

சென்னையில் ஆட்டோ பிடித்து 'கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி' என்று சொல்லிப் பாருங்கள். "கே.எம்.சி.யா, அந்த ஆஸ்பத்திரியா?" என்று கேட்பார்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வேறு, மனநலக் காப்பகம் வேறு. காப்பகம் இருப்பதும் அயனாவரம் பக்கம், மேடவாக்கம் குளம் சாலையில். 'அந்த' என்கிற அந்த ஓர் இழுப்பில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஓட்டுநர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, சரியான இடத்தில் இறக்கிவிட வேண்டுமே என்றுதான் கேட்கிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு மட்டும் பதில் சொல்ல நாக்கு எழுவதில்லை.

விளையாட்டுக்குச் சொல்வதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நண்பர்களுக்குள் 'லூசு', 'மெண்டல்' என்பது செல்லம்கூடத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு நடக்கிற வகுப்பறையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவள் அம்மாவுக்கு நாலு வருஷமாக மாத்திரை நடக்கும். அவளும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டு விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்துகொள்வாள். தனக்கே இருபது வயதில் தூக்கம் போய், அழுகை நிற்காமல் வரும்போதும் சொல்லமாட்டாள். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருப்பது தெரியவந்தது. அப்படி இருப்பவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம். டாக்டர் பற்றாக்குறை, தூரம், செலவு எல்லாம் இதில் சேர்ந்திருக்கின்றன. வெட்கமும் சேர்ந்திருக்கிறது. அந்த வெட்கத்தை நாம்தான் தினமும் சோறு போட்டு வளர்க்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் திருச்சிப் பக்கம். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த பையன். முதலில் தூக்கம் போனது, பிறகு குளியல் போனது, பிறகு தெருவில் போகிறவர்கள் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று ஜன்னலை அட்டை வைத்து அடைத்தான். மந்திரித்தார்கள். குணசீலம் கோவிலில் ஒரு மண்டலம் தங்கினார்கள். பையனின் தாய்மாமன் சென்னையில் வேலை பார்ப்பவர், கீழ்ப்பாக்கத்தில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், கூட்டிவாருங்கள் என்றார். அப்பா வெடித்துவிட்டார். "கீழ்ப்பாக்கத்துக்கா? எம்புள்ள என்ன பைத்தியமா மச்சான்? பொண்ணு ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கிறா, அதை யோசிச்சீங்களா?" அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம் போனது. கடைசியில் பையன் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகு, இருட்டோடு கிளம்பி வந்து சேர்ந்தார்கள். டாக்டர் மருந்து எழுதும்போது அம்மா குனிந்து மெதுவாகக் கேட்டாராம்: "சீட்டுல அந்தப் பேரு இல்லாம எழுதித் தர முடியுங்களா ஐயா?"

மனச்சிதைவு நோய்க்கு, ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் தேறுவது எளிது, நாள் கடந்தால் கடினம். மருத்துவ உலகில் இது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. அந்த இரண்டு வருஷத்தைப் பையனிடமிருந்து எடுத்துக்கொண்டது நோய் மட்டும் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கோவிலுக்கோ தர்காவுக்கோ போவதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அங்கே போவதில் மொழியளவில் ஒரு வசதியும் இருக்கிறது. 'ஏர்வாடி தர்காவுக்கு நேர்ச்சைக்குப் போயிருக்கிறான்' என்று பக்கத்து வீட்டில் சொல்லலாம், தலை குனிய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி பெயரை அப்படிச் சொல்ல முடியாது. தர்காவைச் சுற்றிக் குடிசை போட்டு ஆட்களைச் சங்கிலியில் கட்டிவைத்துக் காசு வாங்கிய விடுதிகள் முளைத்ததற்கு வறுமையும், மாவட்டங்களில் மனநல மருத்துவமே இல்லாததும் பெரிய காரணங்கள். வாயால் சொல்லக்கூடிய ஓர் இடம் குடும்பங்களுக்குத் தேவைப்பட்டதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அப்படி ஒரு விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியை அவிழ்க்க முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, அந்த விடுதிகள் மூடப்பட்டன. தென் மாவட்டங்களில் 'ஏர்வாடி கேஸ்' என்ற ஏச்சு மட்டும் மூடப்படவில்லை.

தெருப் பேச்சை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, ஏட்டுப் பேச்சும் அப்படித்தான் இருந்தது. 1955-இல் வந்த இந்து திருமணச் சட்டம், முட்டாள், பைத்தியம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களையே போட்டு, அப்படிப்பட்டவர் மணம் செய்யக்கூடாது என்றது. 1976 திருத்தத்தில்தான் அந்தச் சொற்கள் போயின. பத்திரிகைகள் இன்னும் விடவில்லை. எவனோ ஒரு கொலைகாரன் பிடிபட்டால், மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே தலைப்பில் 'சைக்கோ' என்று வந்துவிடுகிறது. மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிட, பிறரால் தாக்கப்படுவதும் ஏமாற்றப்படுவதும்தான் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அது எந்தத் தலைப்பிலும் வருவதில்லை. நான் எழுதுகிற தொழிலில் இருப்பவன், அதனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். தலைப்பு வைக்கிற மேசையில் உட்கார்ந்திருப்பவர் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டால், செய்திக்கு ஒரு குறையும் வராது.

புதிய சொற்களும் பழைய பாதையிலேயே போவதைப் பார்க்கிறேன். பரீட்சையில் இரண்டு மார்க் குறைந்தால் 'டிப்ரஷன்'. மேசையை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு 'ஓசிடி'. காலையில் சிரித்து மாலையில் கோபப்பட்டால் 'பைபோலார்'. இவை இப்போதைக்கு இலேசான சொற்களாகத் தெரிகின்றன. கையை நாற்பது தடவை கழுவி, தோல் வெடித்து, கழுவாமல் இருக்க முடியாமல் அழுகிறவர், 'எனக்கு ஓசிடி' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 'எனக்கும்தான்' என்பார்கள். திட்டுவதால் ஒரு சொல்லைக் கெடுக்கலாம், மலிவாக்கியும் கெடுக்கலாம். இரண்டிலும் நோயாளி வாய் மூடிக்கொள்கிறார்.

ஆனாலும் அந்தப் பெயர் இப்போது மெதுவாக இளகத் தொடங்கியிருக்கிறது, அது பலகையால் வந்ததில்லை. பலகை 1978-இலும் ஒருமுறை மாறியது, 'மனநல நிறுவனம்' என்று ஆங்கிலத்தில் உயர்ந்தது, தெரு கண்டுகொள்ளவே இல்லை. இளக்கியவை வேறு. 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தபோது நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் திருச்சி ஒன்று. இன்று மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காய்ச்சலுக்குச் சீட்டு வாங்கும் அதே வரிசையில் நின்று சீட்டு வாங்கலாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மனநல ஆலோசகரோடு இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எல்லாரும் ஒரே மதிலுக்குள் போகவேண்டிய காலம் முடிந்துவிட்டது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்ததோடு, களங்கத்தைக் குறைக்கும் பிரசாரத்தையும் அரசின் கடமையாக எழுதிவைத்தது.

2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் காப்பகத்தின் வளாகத்துக்குள்ளேயே வாக்குச்சாவடி வைத்தார்கள். 150-க்கும் மேற்பட்டவர்கள் வாக்காளர் பட்டியலில் சேர்ந்திருந்தார்கள். எந்த அரசின் மாஜிஸ்திரேட் உத்தரவால் ஒருகாலத்தில் அங்கே அடைத்தார்களோ, அதே அரசின் அதிகாரி உட்கார்ந்து விரலில் மை வைத்தார். 2022 அக்டோபரில் அங்கே சிகிச்சை பெற்றுத் தேறிய ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வளாகத்துக் கோவிலில் திருமணம் செய்துகொண்டார்கள். அமைச்சர் வந்தார், தொலைக்காட்சிகள் வந்தன, மணமக்கள் மாலையோடு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். பல தலைமுறைகளாக எந்தப் பெயர் கல்யாணப் பேச்சை முறித்ததோ, அந்தப் பெயரோடு ஒரு கல்யாணச் செய்தி நாளிதழில் வந்தது.

திருச்சிப் பையன் இப்போது ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறான். மாதம் ஒருமுறை மாவட்ட ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக்கொள்கிறான். தங்கைக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, மறைத்துச் செய்யலாம் என்று உறவில் பலர் சொன்னார்களாம். அன்றைக்கு மச்சானிடம் வெடித்த அதே அப்பா, வந்தவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, "பையனுக்கு மனச்சிதைவு நோய் இருந்துச்சுங்க, கீழ்ப்பாக்கத்துல காட்டுனோம், இப்ப மருந்து சாப்பிடுறான், வேலைக்குப் போறான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதலில் வந்தவர்கள் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அடுத்து வந்தவர்கள் எந்த டாக்டர், என்றைக்கெல்லாம் பார்ப்பார் என்று விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் ஒரு சித்தப்பா பல வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாராம்.